கடைக்குப் போற போனில் உம்மா

ட்ராஷையும் ஏன் காலி பண்ணினீங்க வாப்பா என்று கேட்டாய். ஏனென்றால் போன் கடைக்காரன் பார்க்கிறதென்றால் முதலில் அதைத்தான் திறப்பான் என்று நினைத்தேன். அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை. ஸலாம் சொல்லாமலே தொடங்கிவிட்டேன், அஸ்ஸலாமு அலைக்கும் சஹ்லா மகள். நீயும் மருமகன் முர்ஷித்தும் அங்கே நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ் துணை. இங்கே நாங்கள் சுகம் என்று எழுத வேணும், எழுதிவிட்டேன், இனி உள்ளதைச் சொல்கிறேன். நிப்லாவுக்குச் சளி. ரபீக்கா சாச்சி கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறாள், உன் தங்கச்சி அதைக் குடிக்காமல் பூச்சட்டியில் ஊற்றுகிறாள். மழை விடவில்லை, தெஹிவளையில் நம் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர், பைக்கைத் தள்ளிக்கொண்டுதான் ரோட்டுக்கு வரணும். கடதாசியில் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. போனில் சொல்லப் போனால் நீ அழுகிறாய், நான் ஏசுகிறேன், பிறகு இரண்டு பேரும் லைனை வெட்டுகிறோம். என்னோடு டெலிவரி ஓடின நபீஸுக்கு டோஹாவில் வேலை கிடைத்து இன்றைக்குப் போறான். அவனிடம் இந்தக் கடிதத்தையும் உறைக்குள் ஒரு படத்தையும் கொடுத்து விடுகிறேன். படத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதுவரைக்கும் உறையை உடைக்காதே. உடைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

நடந்தது இதுதான். காலி ரோட்டு நெரிசலில் மழைக்குள் போன் கைநழுவி விழுந்து ஒரு வேன் அதன் ஓரத்தில் ஏறிவிட்டது. பாதி டிஸ்ப்ளே கறுப்பு, மீதியில் பச்சைக் கோடு. போன் இல்லாமல் எனக்கு ஓடர் வராது, ஓடர் இல்லாமல் அடுப்பு எரியாது, அதனால் நேரே வெள்ளவத்தைக்குப் போய் ஸவாஹிரின் போன் கடையில் கேட்டேன். வைத்துவிட்டுப் போங்க, பின்னேரம் வாங்க, லொக் நம்பரைச் சொல்லிவிட்டுப் போங்க என்றான். லொக் நம்பர் என்றதும் எனக்கு உன் உம்மாவின் சட்டம் ஞாபகம் வந்தது. உனக்கும் தெரியும்தானே. பொரளைப் பக்கம் யாரோ ஒரு பிள்ளையின் படங்கள் போன் கடையிலிருந்து வெளியே போய் ஊரெல்லாம் சுற்றியது என்று கதை வந்த நாளிலிருந்து உம்மாவுக்கு அந்தப் பயம். வீட்டுக்குள்ளே தலையில் துணி இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிற படம், ஈரத் தலையோடு இருக்கிற படம், இதெல்லாம் எடுக்க என்னை மட்டும்தான் விடுவாள். ஆனால் போன் பழுதானால் போதும், வாசலில் நின்று சொல்லுவாள். "கடைக்குப் போற போன்ல நான் ஈக்கப் படாது. ஸ்கூல் மதிலால பாஞ்ச நீங்க, இதையாவது ஒழுங்காச் செய்யுங்க." இரண்டு தடவை முந்தியும் அப்படித்தான் செய்தேன், அப்போதெல்லாம் மெமரி கார்ட் இருந்தது, கார்டைக் கழற்றி உம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போவேன், திரும்பி வந்து போடுவேன். இந்தப் போனில் கார்டு போடுகிற ஓட்டையே இல்லை.

உம்மா மவுத்தாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இனி யார் பார்த்தால் என்ன என்று என்னால் நினைக்க முடியவில்லை மகள். இல்லாத மனுசிக்குத்தான் கூடப் பாதுகாப்பு வேணும், அவளால் துணியை இழுத்து மூட முடியாதே. கடை வாசலில் நின்று, வெடித்த கண்ணாடியில் விரல் கீறக் கீற அழித்தேன். ஒவ்வொன்றாய்க் கூட இல்லை. அந்தப் போன் முகத்தைப் பார்த்து ஆளைப் பிரித்து வைக்கும்தானே, உம்மாவின் முகத்தை ஒருக்கா அமத்தினால் உம்மா எல்லாம் வரிசையாய் வரும். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து அழித்தேன். இங்கிலீஷில் ஏதோ கேட்டது, ஓம் என்று அமத்தினேன். அழித்தது போய் விழுகிற ட்ராஷைத் திறந்து அதையும் காலி பண்ணினேன், அதற்கும் ஏதோ கேட்டது, அதற்கும் ஓம். பாதி எழுத்து கறுப்புக்குள் கிடந்தது, முழுசாகத் தெரிந்திருந்தாலும் நான் வாசித்திருக்க மாட்டேன். ஓ.எல். சோதனை எழுதாதவன் வாசிக்க மாட்டான் என்று உன் பெரியப்பா சொல்லித் திரிகிறாராம். ஏ.எல். பாஸ் பண்ணினவன் எவன் அதை வாசிக்கிறான் என்று அவரிடம் கேள். என் மனசில் இருந்தது ஒன்றுதான். நீ கல்யாணம் முடித்துப் போகிறபோது, ஒரே அக்கவுண்டை உன் போனிலும் என் போனிலும் போட்டுத் தந்து, எல்லாம் கிளவுட்டில் இருக்கு வாப்பா, போன் உடைந்தாலும் களவு போனாலும் பயமில்லை என்றாய். போன் என்பது வீடு, கிளவுட் என்பது பேங்க் லொக்கர் என்று நினைத்திருந்தேன். வீட்டில் இருக்கிறதை அள்ளி எறிந்தால் லொக்கரில் இருக்கிறது எப்படி மகள் போகும். இரண்டும் ஒன்றுதான், ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நீ டோஹாவில் இருந்து உம்மாவைக் காணோமே, அக்கவுண்டை யாரும் ஹேக் பண்ணிட்டாங்களா என்று பதறிக்கொண்டு எடுத்தபோது நான் இன்னும் கடைக்கு வெளியே பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தேன். என் போன் மணி அடித்ததைப் பார்த்து ஸவாஹிர் கூப்பிட்டு, தன் கடைப் போனில் உனக்கு எடுத்துத் தந்தான்.

முயற்சி பண்ணவில்லை என்று மட்டும் நினைக்காதே. ஸவாஹிர் ஏதேதோ போட்டுப் பார்த்தான், போனுக்குள் நிழல் மாதிரிச் சின்னப் படம்கூட மிச்சம் இல்லை, இடம் காணாது என்று போன் எல்லாவற்றையும் மேலே கிளவுட்டுக்கு ஏற்றிவிட்டு இங்கே முந்தியே துடைத்துவிட்டதாம். கம்பெனிக்கு எழுதினோம், நீயும் எழுதினாய். அழித்தது திரும்பாது என்று வந்த பதில் மனுசன் எழுதினது இல்லை என்று எனக்கே விளங்கியது. ஸவாஹிர் சல்லி வாங்கவில்லை. போனை என் கையில் வைத்துவிட்டு, கூடப்பிறந்த தம்பி மாதிரி ஒன்று சொன்னான். "நானா, எங்கட வீட்டுப் பொம்புளைகள்ட போட்டோவும் இப்பிடித்தான் போன்ல ஈக்கு. நாங்க யார்டயும் திறந்து பாக்கியல்ல." அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவன் திறந்தே பார்த்திருக்க மாட்டாத படங்களைத்தான் அழித்திருக்கிறேன்.

பிறகு வீடு வீடாய் ஏறினேன். ரபீக்கா சாச்சியிடம் ஒன்றும் இல்லை, தன் தங்கச்சி போனைத் தூக்கினாலே உம்மா கையால் முகத்தை மறைத்துவிடுவாள். உன் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன், நான் இருக்கிறேன், பள்ளியில் தொழுவிக்கிற ஹஸ்ரத் இருக்கிறார், பிரியாணிச் சட்டி மூன்று கோணத்தில் இருக்கு. பெண்கள் பக்கம் கெமரா வரக் கூடாது, வாசலில் எல்லாருடைய போனையும் வாங்கிக் கூடையில் போடணும் என்று கட்டளை போட்டது யார், உன் உம்மாதான். அந்தக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ கல்யாணம் முடித்த வீட்டு மாமி, அவருக்கு ஞாபகம் இருக்கும். சுவரில் ஒன்று மாட்டுவோம் என்று நான் ஒருக்காக் கேட்டதற்கு, படம் தொங்குற வீட்டுக்கு வானத்திலிருந்து மலக்குமார் வர மாட்டாங்க என்றாள். பாஸ்போர்ட் அவள் எடுத்ததே இல்லை. ஐடென்டிட்டி கார்டை மவுத்துப் பதியப் போனபோது கையளித்துவிட்டோம், அதன் போட்டோ கொப்பி ஒன்று அலுமாரியில் இருந்தது, எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மை கொட்டின மாதிரி ஒரு கறுப்பு, சுற்றிவரத் துணியின் ஓரம். நீ வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்ட நேரமெல்லாம், கிளவுட்டில் பார், ஏன் திரும்பத் திரும்ப அனுப்பணும் என்று ஏசினேன். ஒன்றே ஒன்று அனுப்பியிருந்தால் இன்றைக்கு உன்னிடம் இருந்திருக்கும்.

நீயும் நானும் பரவாயில்லை மகள். கண்ணை மூடினால் நமக்கு வரும், மூக்கு ஒரு நாள், சிரிப்பு ஒரு நாள், துண்டு துண்டாய் என்றாலும் வரும். நிப்லாவுக்கு வராது. உம்மாவுக்கு டெங்கு வந்தபோது அவள் பால் போத்தல் குடித்த பிள்ளை. அவளுக்கு உம்மா என்றால் அந்தப் போன்தான். காலையில் சோறு தீத்த முன்னம் போனைக் கொடுக்கணும், ஈரத் தலைப் படத்துக்கு ஒரு முத்தம், கண்ணாடி முழுக்க எச்சில், பிறகுதான் வாய் திறப்பாள். அழித்ததற்கு அடுத்த நாள் கேட்டாள், போன் பழுது என்றேன். பிறகும் கேட்டாள், பழுது என்றேன். அந்த நேரத்தில்தான் நபீஸ் ஒரு வேலை பார்த்தான், இப்போது போனே ஆள் படம் கீறுதாமே, சாச்சியின் படத்தையும் அந்தக் கறுப்புக் கொப்பியையும் கொடுத்து, உம்மாவின் மூக்கு இதைவிட இன்னும் கொஞ்சம் நீளம், கன்னத்தில் மச்சம் என்று நான் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல ஒரு முகம் செய்தான். வெள்ளையாய், பல்லெல்லாம் ஒரே வரிசையாய், டிவியில் நியூஸ் வாசிக்கிற மாதிரி. உம்மாவின் முன் பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேனா, தெரியவில்லையா என்று இப்போதும் யோசிக்கிறேன். நிப்லாவிடம் காட்டினேன். தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு, "இது யாரு ஆன்டி?" என்று கேட்டாள். நபீஸ் அதை என் போனிலிருந்து அழித்தான். இப்போது நிப்லா போனைக் கேட்பதே இல்லை. சோறு கொடுத்தால் சும்மா வாயைத் திறக்கிறாள். கேட்கிறாளே என்றுதான் முந்திப் பயந்தேன்.

பள்ளியில் ஹஸ்ரத்திடம் சொன்னேன். படம் போனது நல்லதுக்குத்தான், துஆச் செய்யுங்க, கப்ருக்கு அதுதான் போய்ச் சேரும் என்றார். செய்கிறேன். அஞ்சு நேரமும் கேட்கிறேன். துஆவில் பெயர் போகுது, முகம் வரவில்லை, அதை அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

இனி அந்த உறை. முகம் உள்ளதை மட்டும்தானே போன் பிரித்து வைத்தது, முகம் இல்லாதது எல்லாம் தப்பிவிட்டது. என்ன இருக்கு என்று தேடினால் எல்லாம் வட்டிலாப்பம். உம்மா நோன்புக் காலத்தில் கருப்பட்டியும் முட்டையும் போட்டு ஓடருக்குச் செய்ததை, ஆட்களுக்கு அனுப்ப நான் எடுத்த படங்கள். அதில் ஒன்றில் சட்டியைப் பிடித்துக்கொண்டு அவளுடைய கை இருக்கு. வலது கை, பெருவிரலில் தாச்சி சுட்ட தழும்பு, நகத்தில் மருதோன்றி பாதி வளர்ந்து போய். அதைத்தான் கொட்டாஞ்சேனையில் தில்லைநாதன் அண்ணனின் ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "சாப்பாட்டுக் கடை போர்டுக்கோ தம்பி? அந்தக் கையை வெட்டிவிட்டால் வட்டிலாப்பம் நல்ல எடுப்பா வரும்" என்றார். கை இருக்கட்டும் அண்ணே, வேணுமென்றால் வட்டிலாப்பத்தை வெட்டுங்க என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார், பிறகு கையோடு சேர்த்தே இரண்டு பிரின்ட் அடித்தார். ஒன்று உனக்கு. ஒன்றை நிப்லாவிடம் கொடுத்தேன். பார்த்ததும் வட்டிலாப்பம் என்றாள். ஓம், கை யாருடையது என்று கேட்டேன். நல்லா யோசித்தாள். பிறகு, "சாச்சிட" என்றாள். பிள்ளையில் பிழை இல்லை, இப்போது தீத்துகிறது அந்தக் கைதான். இல்லை மகள், இது உம்மாட கை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓம் என்றாள். எனக்காகச் சொன்னாள், அவ்வளவு சின்னப் பிள்ளைக்கும் அது தெரிந்திருக்கு.

அதனால் நீ செய்ய வேண்டியது ஒன்று. உன் போனில் உம்மா வட்ஸ்அப்பில் பேசி அனுப்பின வொய்ஸ் கிடக்கும், சீனி வாங்கு, லைட் பில் கட்டு, முர்ஷித்துக்கு உறைப்புக் குறை என்று ஏசினது. அதில் ஒன்றையும் தொடாதே, போன் இடம் காணாது என்று கத்தினாலும் ஓம் என்று அமத்தாதே, போன் பழுதானால் உடைந்தபடியே வைத்திரு, கடைக்குக் கொடுக்காதே. சுவரில் மாட்ட வேணாம், உம்மாவுக்குப் பிடிக்காது, இந்தப் படத்தைக் குர்ஆன் வைக்கிற தட்டுக்குக் கீழே இழுக்கிற லாச்சிக்குள் வை. கையில் முகம் இல்லைத்தானே, மலக்குமார் வரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலை காயாமல் போ, முர்ஷித்தோடு இதுக்காகச் சண்டை பிடிக்காதே, அவனுக்கு இதில் ஒன்றும் இல்லை. அல்லாஹ் உன்னை எப்போதும் காப்பாற்றட்டும், உன் உம்மாவின் கப்ரை வெளிச்சமாக்கட்டும். நீ அடுத்த முறை வரும்போது நிப்லாவின் பக்கத்தில் இருந்து உம்மா எப்படி இருப்பாள் என்று சொல்லிக் கொடு, நான் சொல்லிப் பார்த்தேன், பல்லில் வந்து நிற்கிறேன், எந்தப் பல் எதன் மேல், இடதா வலதா, உனக்காவது

நபீஸ் கீழே ஹோர்ன் அடிக்கிறான், எயார்போர்ட்டுக்கு நேரமாம். நான் போகணும் மகள்.

வாப்பா