மூவர் வந்திருந்தனர்

மார்ச் 4

பதிவுச் சான்றிதழை வக்கீல் இன்று கையில் கொடுத்தார். இனி எங்கள் முன்னறை, லாப நோக்கமில்லாத ஒரு கம்பெனியின் அலுவலகம். சிரிப்புத்தான் வருகிறது. என் வீட்டுக்காரர் காலமான பிறகு அவருடைய கட்டிலையும் பிடித்து நடக்கும் வாக்கரையும் அக்கம்பக்கத்து நோயாளிகளுக்கு இரவல் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆஸ்பத்திரி இன்னும் பன்னிரண்டு கட்டில் தருகிறேன் என்றது. ஆனால் தனி ஆளுக்குத் தர மாட்டார்களாம். அதற்காகத்தான் இந்தக் கம்பெனி.

"அப்ப நான்தானே முதலாளி?" என்று வக்கீலிடம் கேட்டுவைத்தேன்.

"இதுக்கு முதலாளியே கிடையாதும்மா. லாபத்தை யாரும் பிரிச்சுக்க முடியாது. நாளைக்கே மூடினாலும் பொருளெல்லாம் இதே மாதிரி வேற நிறுவனத்துக்குத்தான் போகும். மூணு இயக்குநர்ல நீங்க ஒருத்தர், அவ்வளவுதான்."

மற்ற இருவர் கொழுந்தனாரும் மாடி வீட்டு டீச்சரும். கேட்டதும் கையெழுத்துப் போட்டார்கள். பொருள் பட்டியல் வெறிச்சென்று இருந்ததால் அவருடைய சக்கர நாற்காலியையும் எழுதிவிட்டேன். அதை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. சாயங்காலம் அதில்தான் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஏப்ரல் 12

முதல் கூட்டம். மூன்று கோப்பை எடுத்துவைத்தேன். கொழுந்தனார் போனை எடுக்கவில்லை. டீச்சர் வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு கூட்ட நடவடிக்கை எழுதும் மினிட்ஸ் நோட்டில் எழுதினேன்: 'மூவர் வந்திருந்தனர்.' படிக்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 10

இன்றும் யாரும் இல்லை. 'மூவர் வந்திருந்தனர். மெத்தைகளை வெயிலில் போட வேண்டும் என்றார் டீச்சர். கொழுந்தனார் சிரித்தார்.'

மினிட்ஸில் சிரிப்பெல்லாம் எழுதலாமா? அடிக்கக் கை வரவில்லை.

ஆகஸ்ட் 2

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குக் காட்ட வக்கீல் நோட்டைக் கேட்டிருந்தார். "ஏப்ரல் முழுக்க டீச்சர் வெளிநாட்டுல மக வீட்டுலதானே இருந்தாங்க?" என்றார். நோட்டை அவர் கையிலிருந்து வாங்கி மூடினேன்.

"தனியா உட்கார்ந்தா எழுதினீங்க?"

தலையாட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒருத்தர் உட்கார்ந்தா அது கூட்டமே இல்லம்மா. ரெண்டு பேராவது வேணும். மாசக் கடைசிக்குள்ள நிஜமா ஒண்ணு நடத்துங்க. இல்லேன்னா கட்டில் வராது."

ஆகஸ்ட் 3

என்ன கேடு எனக்கு? தனியா இருக்கேன், வந்துட்டுப் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல. கம்பெனின்னு கூப்பிட்டா வருவாங்கன்னு நெனச்சேன். அதுக்கும் வரல.

ஆகஸ்ட் 5

கொழுந்தனாரிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், பொய் எழுதியதையும் சேர்த்து.

"சும்மா பேருக்குத்தான்னு நெனச்சேன் அண்ணி." பிறகு, "ஆமா, நான் எதுக்குச் சிரிச்சேனாம்?"

ஆகஸ்ட் 24

இருவரும் வந்தார்கள். பழைய இரண்டு கூட்டமும் செல்லாது என்று தீர்மானம் போட்டோம். அதோடு முடிந்திருக்கலாம். டீச்சர் பொருள் பட்டியலைப் புரட்டினார்.

"அக்கா, சக்கர நாற்காலி ஒரு தடவைகூட வெளிய போகலையே? பின்தெரு தையல்காரருக்குக் காலை எடுத்துட்டாங்க. மூணு வாரமா படுத்த படுக்கையா இருக்காரு."

"அது அவரோடது," என்றேன்.

"கம்பெனியோடது அண்ணி." கொழுந்தனார் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். அண்ணனை அதில் வைத்துத் தள்ளியவர்தானே அவரும்.

ஓட்டெடுத்தோம். இரண்டுக்கு ஒன்று. மினிட்ஸையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது: 'மூவர் வந்திருந்தனர். ஒருவர் ஆட்சேபித்தார்.' ஒரு எழுத்துகூடக் கூட்டி எழுதவில்லை.

ஆகஸ்ட் 25

தையல்காரரின் மனைவி வந்து தள்ளிக்கொண்டு போனார். அழுதேன்.

அக்டோபர் 11

பன்னிரண்டு கட்டிலும் வந்துவிட்டன. நடக்க இடமில்லை. இன்று கூட்டம். சக்கர நாற்காலி இருந்த மூலையில் மடக்கு நாற்காலியைப் போட்டுக் கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார்.

"மெத்தையை வெயில்ல போடணும்னு நான் சொன்னதா ஏற்கனவே எழுதிட்டீங்க. இப்ப நிஜமாவே சொல்றேன்க்கா, போடணும்," என்றார் டீச்சர்.

கொழுந்தனார் சிரித்தார். மினிட்ஸில் அதையெல்லாம் எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இங்கே எழுதிக்கொள்கிறேன்.