தலையில் இல்லாத கம்பளி

சின்னக்கானல்,
27 நவம்பர் 1957, புதன்கிழமை

சிரஞ்சீவி நாணுவுக்கு, அத்திம்பேர் துரைசுவாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது.

செபமாலையம்மாள் இன்று காலை வேலைக்குப் போய்விட்டாள். எஸ்டேட் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் சூசையப்பன் நேற்று மாலை அவள் வீட்டு வாசலில் நின்று, வேலைக்கு வரலாம் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதை மட்டும் வைத்து உனக்கு எழுத மனம் வரவில்லை. விடிந்ததும் மேட்டுத் தேயிலைக் காட்டுக்கு ஏறிப்போய்ப் பார்த்தேன். முதுகில் கூடையோடு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டையும் காலி செய்ய வேண்டியதில்லை. இதைச் சூசையப்பனிடம் நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். நீ முதலில் நிம்மதியாகச் சாப்பிடு. மீதியைப் பிறகு படிக்கலாம்.

இந்த விவகாரத்தைப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன். அதற்கு முன் நான் புரிந்துகொண்டதை உனக்கு வரிசையாகச் சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தின் பக்கம் உனக்குத் தெரியும், எஸ்டேட்டில் நடந்தது தெரியாது. பிசகு இருந்தால் திருத்தி எழுது.

செப்டம்பரில் நீயும் உன் சகாக்களும் ஜபல்பூரிலிருந்து இங்கே வந்தது, கொழுந்துக் கூடையின் பாரம் பெண்களின் உடம்பை எவ்வளவு வாட்டுகிறது என்று அளக்க. பாரத்துக்கு ஏற்ற ஆள் யார் என்று பார்ப்பது உங்கள் தேசிய உழைப்பியல் ஆய்வுக்கூடத்தின் வேலை அல்ல, ஆளுக்கு ஏற்ற பாரம் எது என்று பார்ப்பதுதான் வேலை என்று நீ முன்பே எனக்கு எழுதியிருக்கிறாய். ஃபாக்டரி முற்றத்தில் மரப்பெட்டி போட்டு, நிறைகூடையோடு ஏறி இறங்கச் சொன்னீர்கள். நாடி பார்த்தீர்கள். மூக்கை அடைத்து, வாயில் குழாய் வைத்து, மூச்சைப் பையில் பிடித்தீர்கள். அந்தப் பை இன்னும் இங்கே பேச்சாக இருக்கிறது. கத்தரீனாள் என்ற பெண் என்னிடம், "எங்க மூச்சைப் பையில புடிச்சு அம்புட்டுத் தூரம் கொண்டு போனாகளே, அந்த ஊருல காத்தே கெடையாதாய்யா?" என்று கேட்டாள். கூட இருந்தவர்களோடு நானும் சிரித்தேன்.

நாற்பது தாண்டிய மூன்று பெண்களுக்குப் பெட்டியிலிருந்து இறங்கி வெகுநேரம் ஆகியும் நாடி அடங்கவில்லை. அட்டவணையில் அவர்கள் பெயருக்கு எதிரே 'இந்தப் பாரம் ஒவ்வாது' என்று எழுதி எஸ்டேட்டுக்கு ஒரு பிரதி அனுப்பினீர்கள். பாரத்தைக் குறைக்க வேண்டும் என்பது உங்கள் கருத்து. மானேஜர் துரை படித்தது வேறு விதமாக. பாரம் ஒவ்வாதவர்களை அவர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மற்ற இருவருக்கும் புருஷன், பிள்ளை என்று எஸ்டேட்டில் வேலை செய்ய ஆள் இருக்கிறது. அதனால் வீடு போகவில்லை. செபமாலையம்மாளுக்கு அப்படி இல்லை. அவள் புருஷன் பெரியமுத்துவின் வலது கை இலை அரைக்கும் இயந்திரத்தில் போய்விட்டது. வேலை செய்பவர்களுக்குத்தான் லைன் வீடு. அவள் பெயர் நீங்கினால் இருவரும் மாதக் கடைசியில் வெளியே போக வேண்டும். போக வேறு ஊர் கிடையாது. அவள் பிறந்ததே அந்த வரிசை வீட்டில்தான்.

எஸ்டேட்டிலிருந்து இந்தச் செய்தி வந்ததும் உனக்கு எழுதினேன். பதினைந்து நாள் கழித்து உன் கடிதம் வந்தது. படங்கள் கழுவி வந்ததாகவும், முற்றத்தில் எடுத்த படங்களில் எல்லாப் பெண்களும் வெறும் தலையோடு நிற்பதாகவும், தூரத்திலிருந்து மலைச்சரிவில் எடுத்த ஒரே படத்தில் எல்லார் தலையிலும் கம்பளி இருப்பதாகவும், இது ஏன் என்று கேட்டுச் சொல்லும்படியும் எழுதியிருந்தாய். அந்த ஒரு கேள்விக்காகத்தான் போடி வழியாக மலை ஏறினேன்.

மூன்று பேரையும் தனித்தனியே விசாரித்தேன். மூவரும் ஒன்றே சொன்னார்கள். இங்கே துரை எதிரே வந்தால் பெண்கள் பாதையை விட்டு ஒதுங்கி, தலைக் கம்பளியை இறக்கிவிட வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. தாய் செய்ததை மகள் செய்கிறாள். நீ நாடி பார்த்த நாளில் துரை உன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "தொரைக்கு முன்னால முக்காடு போட்டு நின்னா, இவளுக்கு என்ன கொழுப்புன்னு கேக்க மாட்டாகளா? ஒங்க மச்சினரு வேற வெள்ளைச் சட்டை போட்டுருந்தாரு. அவரும் ஒரு தொரைதான்னு நெனச்சோம்" என்றாள் செபமாலையம்மாள்.

கூடை, தலையில் மாட்டிய வாரில்தான் தொங்குகிறது. கம்பளியை நாலாக மடித்து வாரின் அடியில் வைப்பார்கள். அது இல்லாமல் வார் நேராக மண்டையில் அறுத்திருக்கிறது. வலி பொறுக்காமல் இரண்டு கையாலும் வாரைப் பிடித்துக் குனிந்துகொண்டே பெட்டி ஏறியிருக்கிறார்கள். சிரமம் உண்டா என்று நீ கேட்டாயாம். துரை பார்த்துக்கொண்டிருக்க யார் உண்டு என்பார்கள்? வயதில் சிறியவர்கள் சமாளித்துவிட்டார்கள். இந்த மூவருக்கும் முடியவில்லை.

டிஸ்பென்சரி கம்பவுண்டர் சகாயத்திடம் சொன்னேன். துரை மூணாறுக்குப் போயிருந்த நாளில், அதே பெட்டி, அதே நிறைகூடை, தலையில் கம்பளி. செபமாலையம்மாளின் நாடி சீக்கிரமே அடங்கிவிட்டது. சகாயம் நம்பாமல் இன்னொரு தடவை ஏறச் சொன்னார். "ஏன், என் காலு நோகுறதப் பாக்க ஒங்களுக்கு ஆசையா?" என்று திட்டிக்கொண்டே ஏறினாள். இரண்டாவது தடவையும் அப்படியே. ஆனால் இதை நான் சோதனை என்று அச்சில் போட மாட்டேன். ஒரே ஒரு பெண், டிஸ்பென்சரிச் சுவர்க் கடிகாரம், அவ்வளவுதான். உனக்குத் தந்தி அடிக்க அது போதும் என்று தோன்றியது, அடித்தேன்.

அதற்குப் பிறகு நீ செய்ததை உன் கடிதத்திலிருந்து அல்ல, சூசையப்பன் வாயிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆய்வுக்கூடத்திலிருந்து துரைக்கு வந்த தந்தியை அவர் ஆபீசில் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அளவெடுத்த முறையில் குறை இருப்பதாக அளவெடுத்த அதிகாரியே தெரிவித்துள்ளார், அட்டவணையை வைத்து எவர் வேலையையும் தீர்மானிக்க வேண்டாம் என்று அதில் இருந்ததாம். துரைக்குச் சந்தோஷம் இல்லை. ஒரு நாள் மேஜையிலேயே வைத்திருந்துவிட்டு, நேற்றுத்தான் மூவரையும் வரச்சொல்லிச் சூசையப்பனை அனுப்பினார். நீ இன்னும் தகுதிகாண் காலத்தில் இருப்பவன். உன் பிசகை நீயே எழுதி டைரக்டரிடம் கொடுத்திருக்கிறாய். எனக்கு அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

செபமாலையம்மாள் உனக்குச் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கூடை கனந்தான்யா. கனம்னு எழுதச் சொல்லுங்க, கொறைக்கச் சொல்லுங்க. என்னால ஆகாதுன்னு மட்டும் எழுத வேண்டாம்." பெரியமுத்து அருகில் உட்கார்ந்து இடது கையால் எனக்குப் பாலில்லாத கட்டன்காப்பி எடுத்துக் கொடுத்தார். கட்டி வைத்திருந்த பாத்திர மூட்டையை இன்னும் அவிழ்க்கவில்லை. நாளைக்கு அவிழ்ப்பார்களாம். இன்று அவள் திரும்பி வரட்டும் என்றார்.

கல்பாத்தியில் நம் வீட்டில் எல்லாரும் சௌக்கியம். ஐப்பசித் துலா மழை நின்று ஆற்றில் தண்ணீர் தெளிந்துவிட்டது. தேர்த் திருவிழாவுக்கு நீ வருவாய் என்று உன் அக்கா அபயாம்பாள் மூன்று நாளும் உனக்கு இலை போட்டு எடுத்தாள். வேலை அதிகம் என்று நீ எழுதியதை அவள் நம்பவில்லை. "பிசகு பண்ணினவா எல்லாம் மறுநாட்டில் ஒளிஞ்சுண்டா, இங்கே தேர் யாராக்கும் இழுக்கறது? எழுதுங்கோ அவனுக்கு" என்றாள். எழுதிவிட்டேன்.

இனி நிலுவையில் இருப்பவை. பழைய அட்டவணையை முழுவதும் விலக்குவதா, திருத்துவதா என்பதை உங்கள் டைரக்டர் டிசம்பர் பதினைந்துக்குள் தெரிவிப்பதாகத் தந்தியில் இருக்கிறது. உன் வேலையைப் பற்றிய முடிவும் அப்போதுதான் வரும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம் மட்டுமே. மறு சோதனை பொங்கல் கழிந்து, ஜனவரி மூன்றாம் வாரத்தில். துரை அன்று முற்றத்தில் இருக்கக் கூடாது என்ற ஆய்வுக்கூடத்தின் நிபந்தனைக்கு அவர் இன்னும் சம்மதம் தரவில்லை. அதுவரை மூன்று பேரும் வேலையில் இருப்பார்கள். இதில் சந்தேகம் இல்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து யார் வருவார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. பெண்கள் என்னைக் கேட்கிறார்கள். என்ன சொல்ல?

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துவிட்டுப் பிறகு மலை ஏறலாம். நானும் உன்கூட வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
துரைசுவாமி