கூரைச் சாவி

எனக்குப் பதின்மூன்று வயதான பிறகும் கையைப் பிடித்தே தெருவைக் கடத்திவிட்ட என் அண்ணாவுக்கு,

ஐந்து மாதம் பிந்தி எழுதுகிறேன். எழுதினால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தப் பயத்தில்தான் இவ்வளவு நாளும் எழுதவில்லை.

உங்கள் எஞ்சின் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

ஃபிரைபுர்க் ட்ராம் தரிப்பிடத்தில் நீங்கள் விழுந்து, எழும்பாமலே போன அன்று, மருத்துவமனையில் உங்கள் ஜாக்கெட்டைத் தந்தார்கள். உள்பையில் அது இருந்தது, தோல்வார் கட்டிய பித்தளைச் சாவி. முதல்நாள் முழுக்க அந்தப் பழைய மின்சார எஞ்சினின் கூரையில் வேலை செய்துவிட்டு, மறந்துபோய் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். எதையும் மறக்காத நீங்கள் அன்றைக்கு ஏன் மறந்தீர்கள்? உடம்பு அப்போதே சரியில்லையா? நான் கேட்டிருக்க வேண்டுமா?

பழைய ரயில்களை ஓட்டும் உங்கள் சங்கத்து யூர்கன் மூன்று தடவை போன் எடுத்தார். ரவியின் பொருட்களுக்குள் கூரைச் சாவி கிடக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன். கடைசித் தடவை, டாக்டரைப் பார்க்க நேரம் குறித்திருக்கிறதென்று சொல்லிப் பாதியில் வைத்துவிட்டேன். சாவி குசினியில், மாப்பேணிக்குள் மாவுக்கடியில் கிடந்தது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சாவி இல்லாமல், மின்கம்பியைத் தொடுகிற கை கூரையிலிருந்து எழும்பாது. கை எழும்பாவிட்டால் எஞ்சின் நகராது. நீங்கள் ஆதிரைக்கு வாக்குக் கொடுத்த மலைப்பயணமும் இராது. என் ஆறு வயது மகள் அந்த மலைச் சுரங்கத்துக்குள் போகத் தேவையில்லை.

நூறு வயதை நெருங்குகிற எஞ்சின், அண்ணா. சில்லுகளைக் கோத்திருக்கும் அந்தத் தடித்த இரும்புத் தண்டுகள் சுற்றுவதைப் பார்த்தாலே பிள்ளையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன். சுரங்கத்தின் நடுவில் நின்றுவிட்டால்? இருட்டில் பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்தால்? போன வருடமே கேட்டேன், சிரித்தீர்கள். "விசரி, சுரங்கத்துக்குள்ள சனம் மூச்சு விடவேணுமெண்டுதானே இந்த எஞ்சினையே மலைக்குக் கொண்டுவந்தவங்கள்" என்றீர்கள். நிலக்கரி எஞ்சின் காலத்தில் சுரங்கத்தில் புகை அடைத்து, ஓட்டுநர்கள் ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு போன கதையையும் சொன்னீர்கள். அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எப்படி நினைத்தீர்களோ.

நீங்கள் இருந்தபோது அரைவாசிப் பயம்தான். நாற்பத்தொரு வயதில், ஒரு நோயும் இல்லாமல், தேநீர் குடித்துவிட்டு வெளிக்கிட்ட மனிதர் விழுந்தார் என்றால் பிறகு எதை நம்புவது? ஆதிரை பள்ளிப் படிக்கட்டில் ஏறி முடிக்கும்வரை இப்போது நான் வாசலை விட்டு நகருவதில்லை. அவளுக்கு வெட்கம்.

நேற்று இடியப்பத்துக்கு மா எடுத்துத் தருகிறேன் என்று அவள் பேணிக்குள் கையை விட்டாள். வெள்ளையாகிப்போன சாவியோடு கை வெளியே வந்தது.

"அம்மா, இது மாமான்ட கூரைச் சாவி."

"ஓம்."

கூரைக்கு ஏறுகிறவர் அதைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்வார். அவர் இறங்கி வந்து திருப்பிப் போடும்வரை கம்பிக் கையை ஒருவராலும் எழுப்ப ஏலாது. சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் இன்னும் கூரையில் நிற்கிறார் என்று அர்த்தம். இந்த விதியை அவளுக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். சாவியை உடுப்பில் துடைத்துப் பார்த்தாள்.

"அப்ப மாமா இன்னும் இறங்கேல்லையோ?"

அடுப்பை அணைத்துவிட்டு யூர்கனுக்குப் போன் எடுத்தேன். பொய் சொன்னதைச் சொன்னேன். புதுச் சாவி செய்விப்போம் என்று சங்கத்தில் சிலர் கேட்டார்களாம். ரவியின் சாவி வராமல் மின்சாரம் கொடுக்க விடமாட்டேன் என்று அவர்தான் மறித்தாராம். சனிக்கிழமை மலைப்பயணத்துக்குப் பிள்ளையையும் கூட்டி வரச் சொன்னார்.

பயம் போகவில்லை, அண்ணா. சுரங்கத்தைக் கடக்க எத்தனை நிமிடம் என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அவளுடைய இழுப்புப் பம்பும் இரண்டு டோர்ச்சும் பையில் இருக்கின்றன. முதல் பெட்டியில் அவளுக்குப் பக்கத்தில் இருப்பேன். கையை விடமாட்டேன், வெட்கமென்றால் அவள் பொறுத்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை காலை சாவியை நானே போட்டுத் திருப்புவேன். இது வாக்கு. அதற்கு முன் நீங்கள் இறங்கிவிடுங்கோ. பார்த்து, மெல்ல இறங்குங்கோ.

கீழே நிற்கும் உங்கள் தங்கை,
சுபா