ஆயிரம் ஸ்தோத்திரம்

ஜூன் 3, செவ்வாய்

அன்றாட வேலையையே ஆராதனையாக்குங்கள் என்று பாஸ்டர் ஞாயிறன்று சொன்னார். இன்று செய்து பார்த்தேன். ஒயர் நுனியில் டெர்மினல் தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் பிரஸ் இறங்கும். ஒரு மிதிக்கு ஒரு ஸ்தோத்திரம், எண்ணிக்கையோடு. சாப்பாட்டு மணிக்குள் ஆயிரம். வழக்கமாக எண்ணூறைத் தாண்ட மாட்டேன். இந்த மெஷின் முன்னால் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்பது ஒன்பது வருடத்தில் இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 6, வெள்ளி

பக்கத்து மெஷின் மாரிசெல்விக்கு என் வாய் அசைவது வேடிக்கை. சாத்தான்குளத்துப் பெண், இருபது வயது, இங்கே பென்னலூரில் ஆறு பேரோடு ஒரே அறை. "யக்கா, ஆயிரம் மட்டம் கூப்பிட்டா உங்க சாமி 'வாறேன், சத்தம் போடாத'ன்னு வையாதா?" சிரித்ததில் எண் தவறிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

ஜூன் 11, புதன்

சூப்பர்வைசர் ஜீவானந்தம் என் பின்னால் நின்று, ஒரு ஒயருக்கு எவ்வளவு நேரம் என்று செல்போனில் கணக்கெடுத்தார். அவரும் எங்கள் சபைதான். "சிஸ்டர், கர்த்தர் உங்கள வச்சு பெரிய காரியம் பண்றாரு." சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 16, திங்கள்

போர்டில் புது டார்கெட்: மதியத்துக்குள் ஆயிரம், எல்லாருக்கும். பக்கத்தில் என் போட்டோ. மூன்று நாள் குறைந்தால் கான்ட்ராக்ட் ஆட்கள் வெளியே.

எதிர் மெஷின் கங்கம்மாள் நேராகவே கேட்டாள்: "நீ ஜெபம் பண்ணிகினு கீற. நாங்க இன்னா பண்றது? வயித்துல அடிச்சிட்டியேடி."

மாரிசெல்வியும் கான்ட்ராக்ட்தான். வேலை போனால் ஊரில் மாமன் மகனுக்குக் கட்டி வைத்துவிடுவார்கள். அவனுக்கு முப்பத்தெட்டு வயது.

நான் கை வேகத்தைக் குறைக்கலாம். கர்த்தருக்குக் கொடுப்பதைக் குறைப்பது பாவம் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேனா? அல்லது அந்த போட்டோவையா?

ஜூன் 18, புதன்

மாரிசெல்வி: நேற்று 870, இன்று 905. நாளையும் குறைந்தால் மூன்றாவது நாள்.

ஜூன் 19, வியாழன்

காலை 10.20. கை உள்ளே இருந்தால் பிரஸ்ஸை நிறுத்துகிற சென்சார் மேல், வேகம் கூடட்டும் என்று மாரிசெல்வி டேப் ஒட்டினாள். பார்த்தேன். அப்போது 612. பேசினால் எண் போய்விடும், ஆயிரம் முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று —

11.28க்குக் கத்தினாள். வலது கை. ஆள்காட்டி விரல், நடுவிரல்.

நான் 893ல் இருந்தேன். அது ஏன் ஞாபகம் இருக்கு? பாவி, அது ஏன்டி உனக்கு ஞாபகம் இருக்கு?

ஜூன் 24, செவ்வாய்

கம்பெனியில் விசாரணை. டேப் ஒட்டியதைப் பார்த்தீர்களா என்றார்கள். பார்த்தேன் என்றேன். தடுத்தீர்களா என்றார்கள். நான் வாய் திறப்பதற்குள் ஜீவானந்தம், "சிஸ்டர் வேலைல கவனமா இருந்தாங்க சார்" என்றார். தொழிலாளியின் சொந்த அஜாக்கிரதை என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு இனி வேலை இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாரிசெல்வியை அழைத்துப்போக மாமன் மகன் வந்திருந்தான், பையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"யக்கா, நான் டேப்பு ஒட்டுனத நீங்க பாத்தியளா?"

"பார்த்தேன்."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"எண்ணிக்கிட்டு இருந்தேன்."

கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு ஆயிரம் முடிஞ்சிட்டா?"

ஜூலை 1, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டால் கை தானாகத் தளரும், டார்கெட்டும் இறங்கும் என்று நினைத்துப் போனேன். ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. எண்ணவும் இல்லை. மெஷினிலேயே எண்ணிக்கை காட்டும் கவுண்டர் இருக்கிறது. மதியம் பார்த்தேன். ஆயிரத்து நாற்பது.