இரண்டு டாலர் பாட்டில்

கில்ராய்
12 அக்டோபர் 2003

அன்பு மகள் ஷைனாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், என் சர்க்கரையும் சுகமாக ஏறிக்கொண்டிருக்கிறது, அமெரிக்காவின் அந்தக் கிழக்குக் கோடியில், பிளெய்ன்ஸ்பரோவில், நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாம், ஆனால் உன் அம்மா பக்கத்து ரூமில் இன்னொரு ரிசீவரை எடுத்து மூச்சு விடாமல் கேட்பாள், அதனால்தான் கடிதம்.

ஒயின் கம்பெனிக்காரன் இந்த வருஷம் நம் திராட்சை வேண்டாம் என்று எழுதிவிட்டான். நாடு முழுக்க ஒயின் தேங்கிக் கிடக்கிறதாம், ஆஸ்திரேலியாச் சரக்கு வேறு கப்பல் கப்பலாக இறங்குகிறதாம். நம் பத்து ஏக்கரும் பழுத்துத் தொங்குகிறது, குருவிகளுக்குத்தான் கொண்டாட்டம். பூண்டுக்குப் பேர்போன ஊரில், நல்ல கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து திராட்சை போட்ட புத்திசாலி உன் அப்பா. சர்ச்சில் எட்டு வருஷமாக இது தின்கிற திராட்சை என்றுதானே சொல்லி வைத்திருந்தோம், ருசி பார்த்த ஆன்ட்டிமார் 'என்ன அண்ணாச்சி, ஒரே கொட்டையா இருக்கு' என்று முகம் சுளித்தும் நான் அசையவில்லை. போன வெள்ளி ஜெபக் கூட்டத்தில் உன் அம்மா எழுந்து, ஒயின் கம்பெனிக்காரன் மனம் இரங்க ஜெபியுங்கள் என்று அழுதுவிட்டாள். ஆன்ட்டிமார் எல்லாரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மறுநாள் மூப்பர் செல்வின் அங்கிள் சான் ஹோசேயிலிருந்து தனியாக வந்தார். குடிக்கு எதிராக மேடை அதிரப் பேசுகிறவர், சபையை விட்டு நீக்கத்தான் வருகிறார் என்று நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு நின்றேன். அவரோ காதருகே குனிந்து, 'அண்ணாச்சி, இப்ப கடையில ரெண்டு டாலருக்கே பாட்டில் கிடைக்குது, நானே பெட்டி பெட்டியா வாங்குறேன், உங்க திராட்சைய இனி எவன் வாங்குவான்' என்று சொல்லி, காரிலிருந்து ஒரு பாட்டிலையும் எடுத்துக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

ஷெட்டில் உட்கார்ந்து குடித்துப் பார்த்தேன் ஷைனா. மட்டமாக இருந்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பேன். நன்றாக இருந்தது. இனி யாரோடு சண்டை போடுவது? கொடி பிடுங்கும் மெஷின்காரனுக்குப் போன் பண்ணிவிட்டேன், ஒயின் தொழிலில் இப்போது பிழைப்பு நன்றாக ஓடுவது அவனுக்கு மட்டும்தான், யாரோ விட்டுக்கொடுத்ததில் இருபதாம் தேதி காலை எனக்குக் கிடைத்தது. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் இன்னும் முழங்காலில் நிற்கிறாள்.

கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணி போல் காப்பாராக. பனி விழுந்தால் மெதுவாக டிரைவ் பண்ணு. மறக்காமல் இருபதாம் தேதி திங்கட்கிழமை, உன் நேரத்துக்குக் காலை பதினொரு மணிக்கு, இங்கே எட்டு மணி, அம்மாவுக்குப் போன் பண்ணு. பின்ரூமுக்குப் போய்ப் பேசச் சொல். எதையாவது சொல்லிச் சிரிக்க வை, சத்தமாக.

அன்புள்ள அப்பா,
சுந்தர்சிங்