முட்டையில்லாத சாக்லேட் சிப் குக்கீ

புரட்டாசி மூன்றாம் சனி, இரவு

இன்று ஜெயித்துவிட்டேன்.

காலையில் குக்கீக்கு வெண்ணெயைக் குழைத்து முட்டையை உடைத்து ஊற்றிய பிறகுதான் கிழமை நினைவுக்கு வந்தது. புரட்டாசிச் சனியில் இந்த வீட்டுக்குள் முட்டை! அத்தை குளித்துவிட்டு வருவதற்குள் அதைக் கொல்லையில் நாய்க்கு வைத்துவிட்டு, அடுப்படியைக் கழுவி, வேறு பாத்திரத்தில் மறுபடி ஆரம்பித்தேன். வெண்ணெய் தீர்ந்துவிட்டதால் நெய். முட்டைக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பால். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி. எங்கள் காட்டில் விளைந்த நிலக்கடலையை வறுத்து உடைத்து, சாக்லேட் சிப்போடு சேர்த்தேன்.

வாசம் அத்தையை அடுப்படிக்கே இழுத்து வந்தது.

"முட்டை கிட்டை போட்டியா கண்ணு?"

"இல்லீங்கத்தை, தேங்காப்பாலுங்க."

நாயைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து பேக்கரிப் பண்டம் என்று என் குக்கீயைத் தொடாதவர், இன்று ஒன்றை எடுக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

"பெருமாளுக்கு வெக்காம திங்கறதா? ரெண்டு எடுத்துட்டு வா கண்ணு."

படையல் இலையில், உளுந்து வடைக்குப் பக்கத்தில், என் குக்கீ!

பூசை முடிந்ததும் அத்தையின் கை வடையைத் தாண்டிப் போனது.