மச்சான் பிடித்த கயிறு

மச்சான், இன்று காலை கயிற்றுக்கடையில் நின்றேன். நனைந்த தேங்காய்நாரின் வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம். கடை, தெரு, துறைமுகத்துக் கிரேன்கள் எல்லாம் மெல்லத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டன. பச்சை வெளிச்சத்தில் உம்முடைய மீசை மட்டும் மிதந்தது. முனைக்கொரு கப்பல் கட்டலாம், அத்தனை பெரிய மீசை.

வங்காள யுத்தம் முடிந்து நீர் ஊர் திரும்பியிருந்த காலம். ஏரல் வயற்காட்டில் பிறந்து, கமாண்டோ ஆபீசராகி, பிறகு துறைமுக வேலைக்கு வந்து முத்தையாபுரத்தில் குடியிருந்தீர். லீவு நாளெல்லாம் நாங்கள் சங்கு குளிக்கும் படகருகே வந்து உட்காருவீர். எங்களைப் பார்க்கமாட்டீர், முங்குகிறவன் இடுப்பில் கட்டும் கயிற்றையே பார்ப்பீர். ஏனென்று ஒருநாள் சொன்னீர். ஆற்றுக்கடியில் வெடி வைக்க மூன்று பேரை இறக்கிவிட்டு, மேலே கயிற்றைப் பிடித்திருந்தீர். இழுத்தபோது கயிறு மட்டும் வந்தது.

நானோ அந்நாளில் சமுத்திர ராஜனுக்கே மாப்பிள்ளை! நான் முங்கி எழுவதற்குள் மேலே ஒருவன் பெண் பார்த்து, கட்டி, பிள்ளைக்கு ஞானஸ்நானமும் முடித்துவிடலாம். அப்பேர்ப்பட்டவனின் கயிற்றையும் மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிக்கவேண்டும். உடன்பிறந்தவளின் தாலியை நினைத்து அவன் அசரமாட்டான் என்பது எங்கள் கடலின் சட்டம். அன்று என் மச்சினன் காய்ச்சலில் படுத்துவிட்டான். நான் பிடிக்கட்டுமா என்று கேட்டீர். கரையே சிரித்தது. என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை.

"எதுக்குச் சிரிக்கிய? இன்னையிலேருந்து இவிய எனக்கு அண்ணன். அண்ணே, இந்த வாயாடி மனுசன முழுசா கொண்டாங்க."

நீர் கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றாகச் சுற்றிக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்தும் என் குரங்குப் புத்தி போகவில்லை. அடியில் சங்கு பொறுக்கி முடித்தபின்னும், இழுக்கச் சொல்லிக் கயிற்றை அசைக்காமல் உட்கார்ந்துகொண்டேன். ஆபீசர் கொஞ்சம் பதறட்டுமே! மணலில் வெயில் வலைபோல ஆடியது. பாசி என்னைத் தாலாட்டியது. அப்போது இடுப்பே கழன்றுவிடும்போல் ஓர் இழுப்பு. மேலே வந்தால், உம் முகம் நீலம் பூத்திருக்க, மூச்சிரைத்துக்கொண்டிருந்தீர்.

"நான் அசைக்கவே இல்லையே, ஏன் இழுத்தீரு?"

"நீ முங்கினதும் நானும் மூச்சப் புடிச்சேன்லே. எனக்கு முடியல, ஒனக்கும் முடியாதுன்னு இழுத்துட்டேன்." கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "அன்னைக்கு ஆத்துல, அசைவு வரட்டும்னு காத்துக்கிட்டே இருந்துட்டேன்லே" என்றீர்.

என் வாய் அடைத்துப்போனது அந்த ஒரே நாள்தான். கரையேறியதும் பாதிரியாரே பதறி விசாரிக்க வந்தார். மச்சினன் துடுப்புக்கு மாறினான், கயிறு உமக்கானது. அதன்பிறகு அடியைத் தொட்டதும் மூன்று முறை அசைப்பேன், உம் ஆட்களுக்கு ஆளுக்கொன்றாக. ஒவ்வோர் அசைவுக்கும் மேலே நீர் ஒரு பெயரைச் சொல்வீராம். மச்சினன் சொல்லித்தான் தெரியும்.

நீர் கண்ணை மூடி எத்தனையோ ஆண்டாயிற்று. இன்று கடைக்காரர் கயிற்றை அளக்க ஒரு நுனியை என்னிடம் தந்தார். கை தானாக மூன்று முறை அசைத்தது.

"என்ன அண்ணாச்சி, யாரக் கூப்பிடுதிய?"

"மேல என் மச்சான் இருக்காரு."

மறுநுனி உம்மிடம்தான் இருக்கிறது, தெரியும். ஆனால் மச்சான், அந்த மூன்று அசைவும் அவர்களுக்கு; எனக்கல்ல. அவசரப்பட்டு இழுத்துவிடாதேயும். அடியில் வெளிச்சம் இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.